தர்பார்ப் படிக்கம்

1947 அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் தண்ணீர் எடுத்து வந்து, அரிசியில் கல் பொறுக்கி, அப்பாவின் தலைப்பாகைக்குக் கஞ்சி போட்டு உலர்த்தினேன். பிறகு படிக்கத்தைத் துலக்கினேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் உள்ளே அடியில் இருக்கும் சிவப்பு போகாது. அது எத்தனை வருடத்து எச்சிலோ.

மருதங்குடி சமஸ்தானத்து மகாராஜா வெற்றிலை போட்டுத் துப்புகிற பாத்திரத்தை ஏந்துவது என் அப்பாவின் வேலை. அவருக்கு முன்னால் அவர் அப்பா ஏந்தினார். தர்பார் நாளில் வெள்ளிப் படிக்கம், மற்ற நாளில் இந்தப் பித்தளை. பித்தளை வீட்டுக்கு வரும். நான் பி.ஏ. எழுதித் தேறி வந்த பிறகும் அதைத் துலக்குவது நான்தான். அம்மாவுக்கு அரண்மனையில் தரை கழுவுகிற வேலை, நேரமில்லை.

திருச்சி விடுதியில் என்னைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் கடிதம் போட்டிருக்கிறார்கள். மணப்பாறைப் பக்கம் பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலை, இருக்க வீடும் உண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அம்மா, "அவரு வந்தா நான் வர்றேன்" என்றாள். அப்பா யோசிக்கவே இல்லை. "ராஜா இருக்கிற வரைக்கும் இந்தக் கை இங்கதான், தாயி" என்றார்.

சரி, ராஜா எத்தனை நாள் இருப்பார் என்று பார்க்கலாம்.

அக்டோபர் 16

மண்ணெண்ணெய் இல்லை. தலையில் பேன்.

அக்டோபர் 24, விஜயதசமி

தர்பார். அம்மாவுக்கு உதவியாக நானும் போனேன். மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் வாளியும் துடைப்பமுமாக நின்றோம்.

மகாராஜாவுக்கு இடப்பக்கம், ஓரடி பின்னால் அப்பா. வெற்றிலை மெல்லும் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கன்னம் உப்பியதும் முன்னே வந்து, இடுப்பை வளைத்து, படிக்கத்தை மோவாய்க்குக் கீழே கொண்டுபோகிறார். மகாராஜா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. துப்பினால் பாத்திரம் அங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பேச்சு நிற்காமல், எச்சில் மட்டும் தனியாக வந்து விழுந்தது. ஒரு சொட்டு அப்பாவின் கட்டைவிரலில் பட்டது. அதைத் துடைக்க அவருக்கு இன்னொரு கை இல்லை.

தர்பார் முடிந்ததும் பேச்சி வந்தாள். எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. அவள் பையனுக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. அப்பா படிக்கத்திலிருந்து ஒரு சிட்டிகை தம்பலத்தை எடுத்தார். ராஜா மென்று துப்பியது. அதைப் பையனின் நாக்கில் தடவினார். பையன் முகத்தைச் சுளித்தான். பேச்சி கும்பிட்டாள்.

இந்த ஊரில் பேச்சு வராத பிள்ளைக்கு இதுதான் மருந்து. எனக்கும் தடவியிருக்கிறார்கள். அதனால்தான் நான் பி.ஏ. தேறினேன் என்று ஊரே சொல்கிறது. "ஆனா வாயைத் திறக்கத்தான் காணோம். நாக்குல வச்ச பாக்கு நேரா மூளைக்குப் போயிருச்சு போல" என்று பேச்சி இன்றைக்கும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து நாக்கை வேப்பங்குச்சியால் வழித்தேன். இருபது வருடத்துக்கு முந்தைய எச்சிலை இப்போது வழித்து என்ன.

நவம்பர் 2

பிரஜா சங்கத்துக் கூட்டத்துக்குப் போனேன். சங்கத் தலைவர் வக்கீல் தியாகேசன். பொறுப்பாட்சி வேண்டும், குடிகள் கட்டாயமாக அளக்கிற லெவி நெல்லை நிறுத்த வேண்டும், அரண்மனை வீதியில் குடிகள் செருப்போடு நடக்கக் கூடாது என்ற கட்டளையை எடுக்க வேண்டும் என்று பேசினார். "தேசமே விடுதலை வாங்கிவிட்டது. நாம் மட்டும் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறோம்." எனக்கு உடம்பு சிலிர்த்தது.

துண்டறிக்கையைப் பிரதி எடுக்க ஆள் கேட்டார்கள். நான் கையைத் தூக்கவில்லை. பக்கத்திலிருந்த யாரோ, "இந்தப் பொண்ணு பி.ஏ." என்று சொல்லிவிட்டார்கள்.

வக்கீல் நான் எழுதியதைப் பார்த்து, "அச்சு மாதிரி இருக்கே, பி.ஏ. அம்மா" என்றார். இதை இங்கே எழுத அவசியமில்லை.

அவரும் வெற்றிலை போடுகிறார். ஆனால் வெள்ளைக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொள்கிறார். எழுந்து வெளியே போய்த்தான் துப்புகிறார். பார்த்தேன்.

நவம்பர் 9

சுட்டுவிட்டார்கள்.

ஊர்வலத்தில் எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று சங்கம் சொல்லியிருந்தது. பாதிப் பேரிடம் செருப்பு கிடையாது. இரவல் வாங்கியவர்கள், அப்பன் செருப்பை மகன் போட்டவர்கள், ஒற்றைச் செருப்போடு வந்து நொண்டியவர்கள் என்று ஒரே சிரிப்பாக இருந்தது. நெசவாளி சன்னாசி புதிதாக வாங்கி வந்திருந்தார். நடக்கத் தெரியவில்லை. "வாங்குனவனுக்கே இப்படிக் கடிக்குதே, ராஜாவை எப்படிக் கடிக்கும்" என்றார். அவர்தான் செத்தார்.

அரண்மனை வீதி முழுக்கச் செருப்பு. ஓடியவர்கள் விட்டுப் போனவை. நானும் ஓடினேன். என் அப்பா உள்ளேதான் இருந்தார். வெடிச்சத்தம் கேட்டபோது மகாராஜா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாராம். துப்பிவிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டாராம். அப்பா இதைச் சோறு தின்றுகொண்டே சொன்னார். என்னால் அவர் கையைப் பார்க்க முடியவில்லை. எழுந்து போய்விட்டேன்.

நவம்பர் 10

கடை எதுவும் திறக்கவில்லை. சன்னாசியின் பாடையை வீதியில் இறக்கி வைத்துவிட்டு ஊரே சுற்றி உட்கார்ந்திருக்கிறது. மாலையில் சமஸ்தானப் போலீசார் ஒருவர் பின் ஒருவராகத் தலைப்பாகையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு ஜனங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. ஒரு கிழவி மட்டும், "இதை நேத்தே செஞ்சா என்னடா" என்று கேட்டாள்.

நவம்பர் 11

மகாராஜா போய்விட்டார். மத்தியானம் பின்வாசல் வழியாக மோட்டாரில் கொடைக்கானல் பங்களாவுக்கு. ஆட்சியை விட்டுக்கொடுப்பதாகக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம்.

முன்வாசல் திறந்தது. கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போய் தர்பார் மண்டபத்தில் விட்டது. அவ்வளவு பேர் செருப்புக் காலோடு அந்தத் தரையில் நின்றதைப் பார்க்க என் கண் கலங்கியது. அம்மா கழுவிக் கழுவி முகம் தெரிகிற தரை. யாரோ படங்களைக் கழற்றினார்கள். யாரோ தொங்கு விளக்கைப் பிடித்து ஆடினார்கள்.

சிம்மாசனத்துக்கு இடப்பக்கம், ஓரடி பின்னால், அப்பா நின்றார். கையில் படிக்கம். ராஜா எழுந்து போனபோது எதுவும் சொல்லவில்லையாம். அதனால் நின்றிருக்கிறார். காலையிலிருந்து.

"இன்னும் எவன் எச்சிலுக்குடா நிக்கிற?" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

வக்கீல் தியாகேசன் வந்தார். தோளில் தூக்கி வந்து மேடையில் இறக்கினார்கள். காலையிலிருந்து பேசிப் பேசி, வாய் நிறைய வெற்றிலை. ஜனங்கள் பேசச் சொல்லிக் கத்தினார்கள். அவர் துப்ப வேண்டும், சுற்றிலும் கூட்டம், வெளியே போக வழியில்லை. கன்னம் உப்பியது.

அப்பா ஓரடி முன்னே வந்து இடுப்பை வளைத்தார்.

வக்கீல் ஒரு கணம் படிக்கத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. துப்பினார்.

மண்டபம் இடிகிற மாதிரிக் கைதட்டல். "ஜனங்களின் ராஜா" என்று யாரோ கூவினார்கள். கூட்டம் அதிகம், வேறு வழியில்லை, அவர் என்ன செய்வார்.

நான் கைதட்டவில்லை. கையில் செருப்பை வைத்திருந்தேன்.

நவம்பர் 12

"ராஜா போயாச்சுப்பா" என்றேன்.

"ஆமா தாயி."

"அப்ப நீங்க சொன்னது?"

அவர் படிக்கத்தை வெயிலில் கவிழ்த்து வைத்தார். "வக்கீலய்யா தரையில துப்பிட்டா அதை யாரு கழுவுறது? உங்கம்மா. நான் ஏந்துனா அவளுக்கு ஒரு வாளித் தண்ணி மிச்சம். இதைவிட என்ன விடுதலை வேணும் உனக்கு?"

பி.ஏ.வில் இதற்குப் பாடம் இல்லை.

நவம்பர் 20

அரண்மனை இனிமேல் மக்கள் மாளிகை. சங்கத்துக் காரியாலயம் அங்கேதான். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். போகிறார்கள். போகிறவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். தூண்களில், ஜன்னல் மூலையில், மாடிப்படி திரும்புகிற இடத்தில். சிவப்புச் சிவப்பாக ஒழுகுகிறது. இன்று நானும் அம்மாவும் மூன்று தூண் தேய்த்தோம்.

"முந்தி ஒரு ராஜா, ஒரு படிக்கம். இப்ப எல்லாரும் ராஜா. படிக்கத்துக்கு எங்கடி போக?" என்றாள் அம்மா.

ஆனாலும் இதையும் எழுதத்தான் வேண்டும். வேலை முடிந்து வரும்போது அம்மா என் செருப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு அரண்மனை வீதியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. கட்டைவிரலில் கொப்புளம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே தனியாகச் சிரித்தாள்.

நவம்பர் 28

பேச்சி பையனைக் கூட்டிக்கொண்டு மாளிகைக்கு வந்தாள். வக்கீலின் அறை வாசலில் படிக்கத்தோடு நின்ற அப்பாவிடம் அவனை நாக்கைக் காட்டச் சொன்னாள்.

"என்ன பேச்சி இது? ராஜாதான் போயிட்டாரே" என்றேன்.

"அந்த ராஜா துப்புனதுல சத்து போயிருச்சுடி. அதான் புள்ள பேசல. இப்ப ஆளுறவரு இவருதான?"

அப்பா சிட்டிகை எடுத்தார். பையன் வாயை மூடிக்கொண்டான். பேச்சி அவன் மூக்கைப் பிடித்தாள். வாய் திறந்தது.

உள்ளே போய் வக்கீலிடம் சொன்னேன். நானாகப் போய் அவரிடம் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்படியா? என்னுடையதையா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "ஜனங்களோட நம்பிக்கையைச் சட்டுனு உடைக்கக் கூடாதும்மா. மெதுவா மாத்தணும்" என்றார். வேலைப்பளு அவருக்கு.

அதற்குப் பிறகு அவர் சொன்னது: இந்த ஊரில் பெண்கள் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்கள். டிசம்பர் 14ஆம் தேதி விழா. நான் தலைமையாசிரியை. வரவேற்புரையும் நான்தான். "படிக்கம் ஏந்துறவர் மக பி.ஏ. இதைவிட நம்ம புரட்சிக்கு என்ன சாட்சி வேணும்?"

நான் பி.ஏ. தேறியது புரட்சிக்கு முந்தின வருடம். சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். சிஸ்டருக்குப் பதில் இன்னும் போடவில்லை.



டிசம்பர் 3

மழை. கூரை ஒழுகுகிறது. அப்பாவுக்கு முழங்கால் வீக்கம். வரவேற்புரை நாலு வரி எழுதி மூன்றை அடித்தேன்.

டிசம்பர் 7

இன்று அப்பாவோடு சண்டை. எங்கள் வீட்டில் நான் குரல் உயர்த்திய நாள் இதுதான்.

"உங்களை யாரும் ஏந்தச் சொல்லலை. அவரு கேட்கவும் இல்லை. நீங்களா போய் நிக்கிறீங்க. ஊரே ஒருத்தன் காலுக்குக் கீழ இருந்து எழுந்திருச்சுது. நீங்க மட்டும் அடுத்த காலைத் தேடிப் போனீங்க."

"கால் இல்ல தாயி, வாயி" என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். எனக்கு இன்னும் ஆத்திரம்.

"நான் மேடையில நின்னு விடுதலைன்னு பேசணும். பின்னால நீங்க எச்சிப் பாத்திரத்தோட நிப்பீங்க. என்னால முடியாது. இங்கேயும் முடியாது, மணப்பாறையிலயும் உங்களை நினைச்சுக்கிட்டு இருக்க முடியாது."

அப்பா நெடுநேரம் முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேற என்ன தெரியும்னு நெனைக்கிற? உன்கூட வந்து அந்த ஊருல கையை எங்க வச்சுக்கிட்டு உக்காருவேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அப்புறம் அவரே, "பதினாலாம் தேதி ஒருநாள் கீழே உக்கார்றேன். உங்கம்மா பக்கத்துல. நீ பேசுறதைக் கேக்கணும்" என்றார்.

ஒருநாள் உட்கார்ந்தால் மறுநாளும் உட்காரலாம். அதைச் செய்யவைக்க என்னால் முடியும் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா சலவை வேட்டியோடு அம்மாவுக்குப் பக்கத்தில், நாலாவது வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் வைத்திருந்தார், புதிதாக வாங்கிய பொருள்போல. வெள்ளிப் படிக்கத்தை யாரோ எடுத்துவந்து மேடையில் ஒரு முக்காலியில் வைத்திருந்தார்கள். துலக்கிவிட்டது நானில்லை.

என்னை அறிமுகம் செய்தார்கள். "ராஜாவின் எச்சிலை ஏந்தியவர் மகள்" என்றார்கள். கைதட்டினார்கள். எனக்கு முகம் எரிந்தது. எழுதிவைத்திருந்ததில் பாதியைத்தான் படித்தேன். "இந்த மண்டபத்தில் இனி யாரும் யாருக்கும் குனிய வேண்டியதில்லை" என்ற வரியைப் படித்தேன். அது கடைசி வரிசை வரைக்கும் எல்லோருக்கும் கேட்டது என்று அம்மா பிறகு சொன்னாள்.

அடுத்து வக்கீல் பேச வேண்டும். வாய் நிறைந்திருந்தது. எழுந்து நின்றார். இடப்பக்கம் மோவாயைத் திருப்பினார். அங்கே யாரும் இல்லை. இன்னும் கொஞ்சம் திரும்பினார். முக்காலி அவருக்கு எட்டுகிற தூரம்தான். அவர் எட்டவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு, புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். மண்டபம் காத்திருந்தது. அவர் என்னை அதட்டவில்லை, கை காட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

படிக்கம் என் கையில் இருந்தது.

அது கனமாக இருந்தது. விளிம்பு சில்லென்று இருந்தது. என் இடுப்பு வளைந்திருந்தது. அவர் மோவாய்க்குக் கீழே, சரியான இடத்தில் பாத்திரம் இருந்தது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெற்றிலையும் புகையிலையும் கலந்த மூச்சு என் நெற்றியில் பட்டது. கூட்டத்திலிருந்து யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் துப்புவதற்கு முன்னால் இன்னொரு கை வந்தது. அப்பா. முழங்கால் வீங்கியவர் எப்படி அவ்வளவு சீக்கிரம் மேடை ஏறினார் என்று தெரியவில்லை. படிக்கத்தை என் கையிலிருந்து வாங்கினார். அவர்தான் ஏந்தப்போகிறார் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். வக்கீலும் வாயைக் கொண்டுவந்தார்.

அப்பா படிக்கத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"வெளியில போய்த் துப்புங்க, ஐயா" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். அந்த மண்டபத்தில் மெதுவாகச் சொன்னாலும் கேட்கும்.

வக்கீலால் பதில் சொல்ல முடியாது, வாய் நிறைந்திருக்கிறது. வெளியே போக வேண்டும் என்றால் அவ்வளவு கூட்டத்துக்கும் நடுவே, உப்பிய கன்னத்தோடு வாசல் வரைக்கும் நடக்க வேண்டும். தரையில் துப்பலாம். அம்மா நாலாவது வரிசையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணில் நீர் கோத்தது. தொண்டை ஏறி இறங்கியது.

விழுங்கிவிட்டார். பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, எல்லாவற்றையும்.

அப்புறம் சமத்துவத்தைப் பற்றிப் பேசினார். விக்கல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் ஜனங்கள் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 15

மாளிகையிலிருந்து ஆள் வந்தான். அப்பாவைப் பெயர் சொல்லித்தான் சொன்னான்: வேலாண்டிக்கு வயதாகிவிட்டது, ஓய்வெடுத்துக்கொள்ளலாம், ஒரு வாரத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

அப்பாவின் வேலையைக் கேட்டு இன்று காலையிலேயே மூன்று பேர் மாளிகை வாசலில் நின்றதாகப் பேச்சி சொன்னாள். ஒருவன், நவம்பர் 11ஆம் தேதி, "எவன் எச்சிலுக்குடா நிக்கிற" என்று கத்தியவன். இன்னொருவன் பேச்சியின் புருஷன்.

"தப்பா எடுத்துக்காதடி, வீடும் சேர்ந்து வருது" என்றாள் பேச்சி. பையன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயை இறுக்கி மூடியிருந்தான். எனக்கு அவன் ஒருவனைத்தான் பிடித்தது.

சிஸ்டருக்குக் கடிதம் போட்டேன். மூன்று பேர் வருகிறோம்.

டிசம்பர் 18

பஸ்ஸில் எழுதுகிறேன். கோடு கோணலாகப் போகிறது.

கூரை மேல் எங்கள் மூட்டை, அம்மியும் அங்கேதான். அம்மா செருப்புக் காலை நீட்டிக்கொண்டு தூங்குகிறாள். வருகிற வழியில் அவளுக்கு ஒரு ஜோடி வாங்கிவிட்டோம். எதிர் வரிசைக்காரர் ஜன்னலுக்கு வெளியே துப்பினார். காற்றில் அது திரும்பி வந்து பின்னால் இருந்தவர் மேல் பட்டது. இருவரும் சண்டை போட்டு, இப்போது பொடியைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

புதுக்கோட்டை தாண்டிய பிறகு அப்பா கேட்டார்.

"அன்னைக்கு நீ ஏன் தாயி அதை எடுத்த?"

நாலு நாளாக அவர் கேட்காததால், கேட்க மாட்டார் என்று நம்பியிருந்தேன். அவர் பார்த்தார் என்றேன். கூட்டம் காத்துக்கொண்டிருந்தது என்றேன். முக்காலி என் பக்கத்தில் இருந்தது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

"யாரும் எடுக்கச் சொல்லலையே" என்றார்.

"சொல்லலை."

அப்பா தலையை ஆட்டினார். "நான் மொதமொதல்ல ஏந்துன அன்னைக்கு எனக்கும் யாரும் சொல்லலை. எங்கப்பாவுக்குக் காய்ச்சல். நான் தர்பாரைச் சும்மா பாக்கப் போயிருந்தேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுதி முடித்ததும் கைகளைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்ளப் போகிறேன்.